கீழ்ப்பக்கம் பிடித்தவள்

நாடகம் அன்று மாலை. காலையில் அது மேடையில் செத்துக் கிடந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அரங்கம். அக்காவாக நடிக்கும் ரெஜினாவும், தம்பியாக நடிக்கும் செண்பகராமனும் எதிரெதிரே நின்று, அப்பாவின் சொத்தைப் பிரிக்கும் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பங்கையும் நீயே வைத்துக்கொள், தம்பி. எனக்கென்று எதுவும் வேண்டாம்" என்றாள் ரெஜினா.

பூரணவல்லி டீச்சர் கொட்டாவி விட்டார். கையால் மறைக்கக்கூட இல்லை.

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு. மீதி நேரமெல்லாம் நாடகம். நாடகத்தை எழுதிய ஞானதுரை அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆனாலும் டீச்சரிடம் நாடகம் படிக்க வந்தபிறகு மாணவன் என்றால் மாணவன்தான். டீச்சர் சொல்லாமல் உட்கார மாட்டார்.

"சார், இங்க வாங்க."

வந்தார்.

"இந்த அக்காவுக்குக் கோபம் வருமா?"

"வராது டீச்சர். அவ அப்படி."

"பொறாமை?"

"ம்ஹூம்."

"சரி, கொசு கடிச்சா சொறிவாளா?"

செண்பகராமன் சிரித்துவிட்டான். ரெஜினா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மத்தியானத்துக்குள்ள இவ எந்திரிச்சு உக்காரணும். இல்லைன்னா சாயங்காலம் நம்ம பழைய சிரிப்பு நாடகத்தையே போட்டுருவோம்" என்றார் டீச்சர். "டிக்கெட் வாங்கி வாறவங்களைத் தூங்க வச்சு அனுப்ப முடியாது."

ஞானதுரையின் முகம் வாடிப்போனது.

"எங்கக்கா வாறா டீச்சர். அம்பாசமுத்திரத்துல இருந்து."

"தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். அம்மா அப்பா போனபிறகு பீடி சுற்றித் தம்பியைப் படிக்கவைத்தவர் பாக்கியம் அக்கா. நாடகத்தில் வரும் அக்கா அவர்தான். இதை ஞானதுரை மறைத்ததும் இல்லை.

"அவ வாயில இருந்து ஒரு கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்ல. நானா எப்படி எழுதுவேன்? எழுதிட்டு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஊருக்கெல்லாம் பவர் பாத்துக் கண்ணாடி போட்டு விடுதீங்க. உங்க அக்காவைப் பாக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழட்டி வச்சிருதீங்களே சார்."

ஞானதுரைக்குச் சுரீரென்றது. "அப்ப ஒரு பாத்திரத்துக்கு எப்படித்தான் டீச்சர் உயிர் வரும்? அதையாவது சொல்லுங்க."

டீச்சர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே முற்றத்தில் ஒரு பழைய இரும்பு பீரோ நின்றது. நாடகத்தில் அது அப்பாவின் பீரோ. கதவு திறந்துவிடாமல் இருக்கத் தேங்காய்நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. அதைச் சுமந்துவந்த கூலியாட்கள் இருவரும் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

"பீரோ இன்னும் மேல வரலையே" என்றார் டீச்சர்.

"டீச்சர், நான் கேட்டது..."

டீச்சர் ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். "அண்ணாச்சி! போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"ஏத்திட்டுக் குடிக்கோம்மா."

"வேண்டாம். மெதுவாக் குடிங்க. வடையும் தின்னுங்க."

அவர்களுக்குக் கசக்குமா என்ன. போய்விட்டார்கள்.

டீச்சர் எல்லோரையும் கீழே அழைத்துப் போனார். பீரோவைச் சரித்துப் படிக்கட்டுக்கு நேராக வைக்கச் சொன்னார்.

"ரெஜினா, செண்பகம். ரெண்டு பேரும் தூக்குங்க. மேல போய்ச் சேருற வரைக்கும் நீங்க அக்கா தம்பி. வசனம் வந்தா வசனம் சொல்லுங்க. வரலைன்னா வாறதைச் சொல்லுங்க."

"டீச்சர், நான் ஜவுளிக்கடையில சேலை மடிக்கிறவ" என்றாள் ரெஜினா.

"நேத்து வரைக்கும். இப்ப அக்கா."

கட்டியது போக நீண்டு கிடந்த கயிற்றின் நுனியை டீச்சர் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறிப் போனார். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"நான் கீழ பிடிக்கேன்க்கா" என்றான் செண்பகராமன்.

ரெஜினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேடைக் குரலில் சொன்னாள். "வேண்டாம் தம்பி. நீ மேலே போ. பாரம் எனக்குப் பழகியதுதான்."

படிக்கட்டின் அடியில் நின்ற ஞானதுரைக்குக் கண் கலங்கியது. "இதான் டீச்சர்! எங்கக்கா இப்படித்தான் சொல்லுவா!"

டீச்சர் திரும்பாமல் ஏறிக்கொண்டிருந்தார்.

முதல் சில படிகள் அழகாகத்தான் போயின. பிறகு பீரோ நன்றாகச் சாய்ந்தது. மொத்தக் கனமும் கீழே இறங்கி ரெஜினாவின் கைக்கு வந்தது.

"தம்பி, கொஞ்சம் தூக்கேன்."

"தூக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

"நீ எங்கடா தூக்குத? தொட்டுக்கிட்டு நிக்க."

"யாரு, நானா? கை ரெண்டும் கழண்டு வருது!"

"எனக்கு மட்டும் இரும்புலயா செஞ்சிருக்கு கையி?"

ஞானதுரை நிமிர்ந்து பார்த்தார். இது அவர் எழுதியது இல்லை.

அடுத்த படியில் ரெஜினாவுக்கு மூச்சு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு வசனத்தைப் பிடித்தாள். "என் பங்கையும்... நீயே வச்சுக்கோ! எனக்கு ஒண்ணும் வேண்டாம்!"

அதே வசனம்தான். ஆனால் அது வந்து விழுந்த விதத்தில் செண்பகராமன் ஒரு நொடி திகைத்துப் போனான். அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது. பீரோ சறுக்கியது.

"ஐயோ!"

ஞானதுரை பாய்ந்து ஏறி, ரெஜினாவின் பக்கத்தில் நின்று, பீரோவுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"கையை எடுங்க சார்!" டீச்சரின் குரல் மேலிருந்து இடியாக இறங்கியது.

"விழுந்துரும் டீச்சர்!"

"எடுங்கங்கேன்!"

எடுத்தார். கீழே இறங்கினார். பீரோ விழவில்லை. ரெஜினா தோளைக் கொடுத்து நின்றாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவள் பேச ஆரம்பித்தாள். மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது.

"எப்பவும் நாந்தான் கீழ. என்னைக்காவது நீ திரும்பிப் பாத்தியாடா? மேல நிக்கிறவனுக்கு வழி தெரியும், வெளிச்சம் தெரியும். கீழ பிடிக்கிறவளுக்கு என்னடா தெரியும்? மூஞ்சிக்கு நேரா வெறும் தகரம். இத்தனை வருஷமும் இந்தத் தகரத்தைத்தான் பாத்துக்கிட்டு வாறேன்."

"யாரு உன்னைப் பிடிக்கச் சொன்னா?" செண்பகராமனும் கத்தினான். "நான் கேட்டேனா இல்லையா? ஒவ்வொரு தடவையும் கேக்கேன். ஒவ்வொரு தடவையும் 'நீ மேல போ, நீ மேல போ'ன்னு சொல்லுத. மேல மேலன்னு அனுப்பி என்னைக் கையில்லாதவனா ஆக்கிட்டியேக்கா!"

"நீ விழுந்துருவடா."

"விழுந்தா விழுதேன். ஒரே ஒரு தடவை விழத்தான் விடேன்!"



ஞானதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. இடது கையை நீட்டி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிறுக்க ஆரம்பித்தார்.

பாதிப் படியில் ஒரு திருப்பம். கொஞ்சம் அகலமான இடம். பீரோவின் ஒரு முனையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு செண்பகராமன் நெருக்கிப் புகுந்து கீழே வந்தான். ரெஜினாவின் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளைக் கொடுத்தான்.

"விடுக்கா."

"இரு."

"விடுன்னு சொல்லுதேன்."

"இருடா. பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன்."

"நல்லா?"

"நல்லா."

"விரல் நசுங்கிராம?"

"எக்கா, விடு!"

விட்டாள். அதற்கும் அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொரு விரலாகத்தான் எடுத்தாள். பிறகு வெறுங்கையோடு நிமிர்ந்து நின்றாள். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், எடுத்தாள். சேலையில் துடைத்தாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

மேலே ஏறிப்போய் மேல்முனையைப் பிடித்தாள்.

"அடப்பாவி! இது இவ்வளவு லேசாவா இருக்கு? இத்தனை நாளும் உனக்கு இப்படித்தானாடா இருந்துது?"

"பேசாம தூக்குக்கா!" என்றான் கீழே இருந்தவன். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகமெல்லாம் சந்தோஷம்.

பீரோ மேலே போய்ச் சேர்ந்தது. ஞானதுரை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"டீச்சர்! எழுதுதேன். எல்லாத்தையும் மாத்தி எழுதுதேன். மத்தியானத்துக்குள்ள தாறேன்!"

"உங்க அக்கா வாறாங்களே?"

ஞானதுரை தன் கையைப் பார்த்தார். மை வியர்வையில் பரவத் தொடங்கியிருந்தது.

"வரட்டும்" என்றார். 

டீயும் வடையும் முடித்துத் திரும்பி வந்த இருவரும் காலி முற்றத்தைப் பார்த்தார்கள். "ஏம்மா, பீரோ எங்க?"

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது.

பாக்கியம் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தார். முதல் வரிசை. மடியில் ஒரு பெரிய பை. வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று ஞானதுரை சொல்லியும் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டியதற்கும், "நீ போ, உன் சோலியைப் பாரு" என்று பதில் வந்தது.

ஞானதுரை கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம் நின்றார். அங்கிருந்து பார்க்க அக்காவின் கொண்டை மட்டும் தெரிந்தது. அவர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு அணைந்தது. வழக்கம்போலத் திரை விலகவில்லை. ஜனங்களின் நடுவே, நடைபாதை வழியாக, ஒரு பீரோ வந்தது. "வழி விடுங்க, வழி விடுங்க" என்று தம்பி கத்திக்கொண்டே வந்தான். ஓரத்தில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். மேடையின் படிகளில் அது ஏறத் தொடங்கியது. அக்கா கீழே, தம்பி மேலே.

"நீ எங்கடா தூக்குத? தொட்டுக்கிட்டு நிக்க."

அரங்கம் சிரித்தது. கொண்டை அசையவில்லை.

"எப்பவும் நாந்தான் கீழ..."

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படிக் கேளுட்டி!"

முதல் வரிசையிலிருந்து வந்த குரல். அரங்கம் முழுக்கத் திரும்பியது. பாக்கியம் அக்கா எழுந்து நின்றிருந்தார். மடியிலிருந்த பை கீழே விழுந்து கிடந்தது. "கேளு! நல்லாக் கேளு அவனை!"

 அப்புறம் கைதட்டல் கூரையைத் தூக்கியது. அது அடங்குகிற வரை ரெஜினா பீரோவைப் பிடித்தபடியே காத்திருந்தாள். 

கைதட்டல் ஓய்ந்ததும் தம்பி பேசினான். கையில்லாதவனா ஆக்கிட்டியேக்கா என்றான். ஒரே ஒரு தடவை விழத்தான் விடேன் என்றான்.

பாக்கியம் அக்கா மெதுவாக உட்கார்ந்தார். 

நாடகம் முடிந்து ஜனங்கள் கலைந்தபோது ஞானதுரை அக்காவின் முன்னால் போய் நின்றார். அக்கா அவர் காதைப் பிடித்தார். தலை நரைத்த மனிதர், குனிந்து கொடுத்தார்.

"ஏலே, இத்தனை வருஷமா இதை வயித்துக்குள்ளயா வச்சிருந்த?"

"எதைக்கா?"

"விழ விடுன்னு கேட்டியே, அதை."

ஞானதுரை குனிந்தபடியே நின்றார்.

அக்கா காதை விட்டார். கீழே கிடந்த பையை எடுத்தார். இடுப்பில் இடுக்கப் போனார். பிறகு தம்பியின் கையில் அதைத் திணித்தார்.

"இந்தா, பிடி. கனக்குது."

அந்தப் பையோடு ஞானதுரை மேடைக்குப் பின்னால் ஓடினார். டீச்சர் தரையில் உட்கார்ந்து தேங்காய்நார்க் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்கக்கா... பையை... என் கையில..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். டீச்சரின் இரண்டு உள்ளங்கைகளிலும் குறுக்கே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"காலையில பீரோ சறுக்குச்சுல்லா."

ஞானதுரை கயிற்றைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார்.

"அப்ப நீங்க மேல நின்னு பிடிச்சிருந்தீங்களா?"

"கைப்பிடிக் கம்பியில ஒரு சுத்துச் சுத்திப் பிடிச்சிருந்தேன்."

"ரெஜினாவுக்கு மூச்சு முட்டுச்சே டீச்சர்! கொஞ்சம் இழுத்திருந்தா அவளுக்குப் பாரம் குறைஞ்சிருக்குமே."

"குறைஞ்சிருக்கும்."

"பின்ன எதுக்குக் கயிறு?"

டீச்சர் கடைசிச் சுற்றையும் சுற்றி முடித்து, கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"விழாம இருக்கத்தான் சார். லேசாகுறதுக்கு இல்ல."