பீரோவுக்குள் வைஃபை

ஓய்வுபெற்ற தாசில்தார் அரங்கநாயகம் அந்தப் பெரிய வீட்டில் தனியாளாக இருந்தாலும் அதட்டலுக்கு மட்டும் குறைவில்லை. அதை வாங்கிக்கொள்ள இருந்தவள் சமையல்காரி பூவாத்தாள் ஒருத்திதான்.

"நீ துடைச்சதுலதான் டேப்லெட்டுல வைஃபை வரமாட்டேங்குது. கனடாவுல இருந்து என் பையன் இத்தனை நாளா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்பான். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணு, இல்லேன்னா நாளைக்கு வராதே!"

"வைஃபை பெட்டி எங்கீங்கய்யா?"

"பக்கத்து வீட்டுக்காரன் திருடுவான்னு இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்."

கதவிடுக்கில் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கய்யா, என்னைய அதுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுக் காபி கொண்டான்னா, எப்படிங்க வருவேன்?"

தாசில்தார் சாவியை நீட்டினார். பீரோவைத் திறந்ததும் வைஃபை வந்துவிட்டது. பூவாத்தாள் டேப்லெட்டைப் பார்த்தாள். கனடாவிலிருந்து ஒரு அழைப்புகூட வந்திருக்கவில்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டிருக்கான்?" என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

பூவாத்தாள் பீரோவை மெல்லச் சாத்தினாள்.

"இன்னும் வைஃபை வரலீங்கய்யா. நாளைக்கு வந்து பார்க்கிறேனுங்க."

கண்ணாடி தேடுவதை நிறுத்திவிட்டுத் தாசில்தார் சொன்னார்: "கொஞ்சம் சீக்கிரமே வா."