திரும்பி வராதவர்கள்

காமாலைக்குப் பரிபூரணத்தம்மாள் கொடுக்கும் கஷாயம் அந்த வட்டாரத்தில் பேர்போனது. அவருடைய சீடர் திருமேனிக்கு அதில் குருவைவிடப் பெருமை அதிகம். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் இப்படிக் குதிப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

நாளை மறுநாள் நகரத்தில் வைத்தியர் சபை கூடுகிறது. அங்கே ஒப்புக்கொண்டுவிட்டால் எழுபது ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே கஷாயம்தான். திருமேனி வைத்தியசாலைச் சுவடியைப் பார்த்து ஓலை எழுதி முடித்திருந்தார். கஷாயம் குடித்த நூறு பிள்ளைகளில் எண்பத்தெட்டுப் பேருக்குக் குணம்.

“இதுல எத்தனை பேரை நீ கண்ணால பார்த்தே?” என்று குரு கேட்டார்.

பதினெட்டுப் பேரை என்றார் திருமேனி. மற்ற எழுபது பேர் இரண்டாம் தவணை மருந்துக்கு வரவில்லை. வராதவர்களைக் குணமானவர்கள் என்று குறிப்பது அந்த வைத்தியசாலையின் வழக்கம். நோய் தீர்ந்தவன் எதற்கு வருவான்?

குரு மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். திருமேனி பின்னால் போனார்.

முதல் வீட்டில் ஒரு பெண் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வைத்தியர்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். பையன் எப்படி இருக்கிறான் என்று திருமேனி விசாரித்தார்.

“மூணாம் நாளே போயிட்டான்ய்யா.”

ஏன் வந்து சொல்லவில்லை என்று திருமேனி தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

“சாவு வீட்டுக்காரங்க வைத்தியர் வாசலை மிதிக்கலாமா? மத்த பிள்ளைங்களுக்கு ஆகாதே. எங்க தலையெழுத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிப்பதற்குப் பதில் நாலு அடி வாங்கியிருக்கலாம்.

இரண்டாவது வீட்டிலும் பிள்ளை இல்லை. மூன்றாவது வீட்டுச் சிறுமி மாமரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். திருமேனிக்கு உயிர் வந்தது. கஷாயத்தைக் குமட்டித் துப்பிவிட்டாள், மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டோம், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றார் தகப்பன்.

தெருவில் இறங்கியதும் திருமேனி ஓலையை இரண்டாக ஒடித்துப் போட்டார். சபையில் என்ன சொல்வது என்று கேட்டார்.

“சபை காத்திருக்கட்டும். இன்னும் அறுபத்தேழு வீடு இருக்கு.”

திருமேனிக்கு ஆத்திரம் பொங்கியது. வராதவர்களைக் குணமானவர்கள் என்று எழுதும் வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே இந்த அம்மாள்தான்.

“முப்பது வருஷத்துல நீங்க ஒரு வீட்டுக்காவது போனதுண்டா அம்மா?”

குரு நடையை நிறுத்தவில்லை.

“போயிருந்தா என்னை யாரு குருன்னு கூப்பிட்டிருப்பாங்க?”