மாவு வேன்

சென்னியப்பன் தன் வேனை ஆசிரமத்துக்குக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"டிரைவர் சீட்டை மட்டும் யாரும் நகர்த்தக் கூடாதுங்கம்மா."

நீலவேணி அம்மா காரணம் கேட்கவில்லை. "சரிங்கண்ணா" என்றார்.

காரணம் அவருக்குத் தெரியும். சென்னியப்பனும் அவர் மனைவி மயிலாத்தாளும் கோபியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டுவந்தார்கள். வேனை ஓட்டியது மயிலாத்தாள். சென்னியப்பனுக்கு சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்ட வராது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கடை வந்ததும் இறங்கி மாவுப் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவார். மயிலாத்தாள் நல்ல உயரம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் உட்காருவாள். போன ஆவணியில் ஒரு காய்ச்சலில் இறந்துபோனாள். அதோடு மாவு அரைப்பதும் நின்றது.

நீலவேணி அம்மா முன்பு நர்ஸாக இருந்தவர். சென்னியப்பனைவிட வயதில் நன்றாக இளையவர். ஆனாலும் சென்னியப்பன் அவரையே குருவாக நினைத்து அடிக்கடி வந்து போனார். ஆசிரமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்கால் கரையில் ஓர் ஓட்டு வீடு, தியானத்துக்கு ஒரு கூடம், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகள் சிலர். அவ்வளவுதான்.

வேனில் மாவு அடுக்கும் தட்டுகளைக் கழற்றிவிட்டு ஆட்கள் உட்கார சீட்டு போட்டார்கள். வண்டி தயாரானது. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே போகவில்லை. சென்னியப்பன் வரும்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, டிரைவர் சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வருவார்.

ஒருநாள் காலை அவர் அம்மாவிடம் கேட்டார்.

"வண்டியைக் கொடுத்துட்டேன். பேரையும் மாத்திக் கொடுத்துட்டேன். கொடுத்தவனுக்கு வர்ற நிம்மதி மட்டும் எனக்கு வரலீங்கம்மா. நெஞ்சு பாரமாவே இருக்குது. ஏனுங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து காளியம்மாள் குரல் கேட்டது.

"அம்மா, ஆட்டோக்காரர் போன் பண்ணினார். வண்டி ரிப்பேராம். இன்னைக்கு வர மாட்டாராம்."

காளியம்மாள் தறி நெய்தவள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் ஆசிரமத்துக்கு வந்தவள். ரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் இரண்டு முறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன வாரம் ஒருமுறை ஆட்டோ கிடைக்காமல் தவறிப்போய், படுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். சென்னியப்பனுக்கு அது தெரியாது.

அம்மா எழுந்தார். "வாங்கண்ணா. வேன்ல போயிடலாம்."

காளியம்மாளைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். அம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அங்கே ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காலை நீட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்து மறுபடியும் நீட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"என்னங்கம்மா?"

"கிளட்ச் எட்டலைங்கண்ணா."

"சீட்டை முன்னாடி இழுத்துக்கலாமே?" என்றாள் காளியம்மாள் உள்ளிருந்து.

"அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் அம்மா. குரலில் குறை எதுவும் இல்லை. "வேற ஆட்டோ கிடைக்குதான்னு கேட்டுப் பார்க்கிறேன். போன வாரம் மாதிரி ஆயிடக் கூடாது."

போனை எடுக்க உள்ளே போனார்.

சென்னியப்பன் வேனருகே நின்றார். "போன வாரம் என்னாச்சு?" என்று கேட்டார்.

காளியம்மாள் சொன்னாள். சொல்லும்போதே நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன. செருப்புக்குள் பாதம் நுழையாமல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள்.

சென்னியப்பன் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போனார். கதவைத் திறந்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. என்றோ சிந்திய மாவு காய்ந்து இறுகிப்போயிருந்தது. முழங்காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். மாவு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சீட்டு ஒரு சத்தத்தோடு முன்னால் வந்து நின்றது.

அவர் சீட்டின் மேல் ஒட்டியிருந்த மாவுத் தூளைக் கையால் தட்டிவிட்டார்.

அம்மா திரும்பி வந்தார்.

"ஏறுங்கம்மா" என்றார் சென்னியப்பன். "இப்ப எட்டும்."

அம்மாவுக்கு அந்த வண்டி புதிது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் அணைந்துவிட்டது. பக்கத்துச் சீட்டில் இருந்த சென்னியப்பன், "ரெண்டாவதுல ஏறாதுங்கம்மா. மயிலா இங்க எப்பவும் முதல் கியர்லதான் ஏத்துவா" என்றார்.

முதல் கியரில் வண்டி ஏறியது.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொல்வாங்களே?" என்றாள் காளியம்மாள்.

"தெரியாது. பார்த்துட்டே இருந்தேன், அவ்வளவுதான்."

கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்காரர் வேனைப் பார்த்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கி, பத்து பாக்கெட் என்று விரல்களை விரித்துக் காட்டினார். சென்னியப்பன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மாவு இல்லீங்க, ஆளுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மயிலாத்தாள் ஒருமுறை இதே கடை முன்னால் வழிமறித்து நின்ற பஸ்ஸைப் பின்வாங்க வைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வரும்வரை அவர் நிறுத்தவில்லை. காளியம்மாளும் சிரித்தாள்.

நேரத்துக்குப் போய்விட்டார்கள். பிற்பகலில் காளியம்மாள் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பசிக்கிறது என்றாள். மூவரும் எதிர்க் கடையில் தோசை சாப்பிட்டார்கள். மயிலாத்தாள் போன பிறகு சென்னியப்பன் அன்றுதான் இரண்டாவது தோசை கேட்டு வாங்கினார்.

ஆசிரமம் திரும்பி வண்டியைக் கொட்டகையில் விட்டார்கள். காளியம்மாள் இறங்கி மெல்ல நடந்து உள்ளே போனாள். சென்னியப்பன் மட்டும் டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்றார்.

"இனி சீட்டு இப்படியேதான் இருக்குமுங்களாம்மா?"

"இல்லைங்கண்ணா. ஓட்டுறவங்க காலுக்குத் தக்கன முன்னால பின்னால போகும்."

அவர் தலையாட்டினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். தடையில்லாமல் போய் வந்தது. ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது.

"அப்படிப் போயிட்டு வந்துட்டிருந்தா, மயிலா உக்காந்த இடம் எதுன்னு கொஞ்ச நாள்ல எனக்கே தெரியாமப் போயிடுமேம்மா."

அம்மா சுற்றி வந்து, அவர் அன்றாடம் உட்கார்ந்து வந்த இடது பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இங்க உட்காருங்க. அவங்க இடம் எப்பவும் உங்களுக்கு வலது பக்கம்தான்."