மின்மினிக்குப் போட்ட பூட்டு

முதல் மின்மினி கார்டின் விசிறி சுழன்ற ஓசையைத் தணிகாசலம் மறக்கவேயில்லை. தீப்பெட்டிக்குள் அகப்பட்ட வண்டு போல அது முனகியது. முனகலோடு, கார்டு வரைந்த முதல் படமாகத் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம் எழுந்தது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தமயந்தி மட்டும், "விசிறி சத்தம் ஜாஸ்தி" என்றார்.

தமயந்திதான் அவருடைய குரு. வயதில் அவரைவிட இளையவர்.

டி.வி. பழுது பார்த்துக்கொண்டிருந்த கையோடு கோவையில், கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் அந்த நிறுவனத்துக்கு வந்தவர் தணிகாசலம். ஒரு புள்ளி எப்படிப் படமாகிறது என்பதைத் தமயந்தியிடம்தான் படித்தார். "இந்த வயசுல சிலேட்டைத் தூக்கிட்டுப் போறாரு பாரு" என்று கேன்டீனில் சிரித்தார்கள். அவர் பாட்டுக்குப் போனார்.

கார்டுக்கு மின்மினி என்று பெயர் வைத்ததும் தமயந்திதான். கம்ப்யூட்டர் கடை எதுவானாலும் பலகையில் அந்தப் பெயர் இருந்த காலம் ஒன்று வந்தது. பிறகு ஒரு பெரிய நிறுவனம் வந்து இந்த நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இனி எல்லாம் தங்கள் பெயரில்தான் என்று உத்தரவு போட்டது.

அட்டைப்பெட்டியிலிருந்து பெயர் போயிற்று. வாசல் பலகையிலிருந்து போயிற்று. மிஞ்சியது டிரைவர். கம்ப்யூட்டரைக் கார்டோடு பேசவைக்கும் மென்பொருள் அது. அதிலும் பெயரை நீக்கும் நாள் வந்தது; புது டிரைவர் அன்று மாலை வாடிக்கையாளர்களுக்குப் போகவேண்டும். எழுதியவர் தணிகாசலம்.

மதியம் அவர் தமயந்தியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒருத்தர் வெச்ச பேரை இன்னொருத்தர் அழிக்கலாமா?"

தமயந்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பூட்டு போட்டிருக்கேன். டிரைவருக்குள்ளே. மின்மினிங்கிற பேரு இருக்கான்னு தேடும். இல்லேன்னா திரை இருண்டுடும். பேரைத் திரும்ப வைக்கிறவரைக்கும் வெளிச்சம் வராது."

"எந்தெந்த கார்டுல?"

"எல்லாத்துலயும்."

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும். சாயங்காலம் வெளியே போயிட்டா அப்புறம் யாராலயும் பிடிக்க முடியாது. அந்தப் பேரு என்ன பேருன்னு அப்பத் தெரியும் அவங்களுக்கு." அவர் மேசைமேல் குனிந்தார். "நீங்க வெச்ச பேரு, மேடம்."

திட்டுவார் என்று நினைத்தார். தமயந்தி திட்டவில்லை. தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது டிரைவரை முதலில் பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்புவார்கள். அவர் போட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ஊருக்கு. நிறுவன இணைப்புப் பேச்சு கிளம்பியதிலிருந்து யாரும் அதைச் செய்வதில்லை.

தமயந்தி அந்தப் பூட்டுப் போட்ட டிரைவரை அப்படியொரு வாடிக்கையாளருக்கு அனுப்பினார். போனை எடுத்து எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அம்சா ஸ்டூடியோவா?"

"அட, மின்மினி மேடமுங்களா! அம்சவேணிதான் பேசறனுங்க. இங்க கோபியில நல்ல மழை. ஏனுங்க, பேரை எடுக்கறாங்களாமா? கேட்டதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க."

தணிகாசலம் நிமிர்ந்தார். கேட்டீர்களா என்பது போலக் கையைக் காட்டினார்.

"புது டிரைவர் வந்துதாம்மா?"

"வந்துருச்சுங்க. நம்ம சார் பண்ணதுதானுங்களே? அப்பறமென்ன. விடிஞ்சா கல்யாண வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க, ஆல்பத்துல பாதி அப்படியே கெடக்குது. இதைப் போட்டுட்டு உக்காரலாம்னு இருக்கறேன். அழுத்தட்டுங்களா?"

தமயந்தி போனை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"சார் இங்கதான் இருக்கார். அவரையே கேளுங்க."

"சாருங்களா! அழுத்தட்டுங்களா?"

தணிகாசலம் தமயந்தியைப் பார்த்தார். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்? செரி, அழுத்தறனுங்க."

"வேண்டாம்மா!"

கத்தியே விட்டார்.

"ஐயோ, ஏனுங்க? என்னாச்சு?"

தணிகாசலம் போனை உள்ளங்கையால் மூடினார்.

"பேரு போனா போகட்டும்கிறீங்களா, மேடம்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் தமயந்தி. "அவங்க லைன்லதான் இருக்காங்க."

தணிகாசலமே பூட்டை எடுத்த டிரைவர், மின்மினி என்ற பெயரில்லாமல், அன்று மாலை வெளியே போயிற்று. தணிகாசலம் ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். தமயந்தியைப் புதிய நிறுவனம் வைத்துக்கொள்ளவில்லை.