நடுவில் ஒரு கோடு

மருந்து எடுத்துக் கொடுக்கும் இயந்திரம் திருநெல்வேலியில் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியதிலிருந்து சங்கரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பீரோ உயரத்துக்கு நின்றுகொண்டு, அது பாட்டுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய மாத்திரையைத் தனித்தனிப் பொட்டலமாகத் துப்பியது. டீ கேட்கவில்லை, லீவு கேட்கவில்லை. தப்பும் செய்து தொலைக்கவில்லை.

வருஷக்கணக்கில் சொந்தமாக மெடிக்கல் ஷாப் நடத்திவிட்டு, ஆஸ்பத்திரி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே பெனிட்டாவிடம் சேர்ந்தவர் அவர். தலைமை மருந்தாளரான பெனிட்டா வயதில் இளையவர். அதனாலென்ன, வித்தையில் குரு குருதானே.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

"எடுக்கிறது, எண்ணுறது, சீட்டு ஒட்டுறது எல்லாத்தையும் அதுவே செஞ்சிருது. இனி எனக்கு இங்க என்ன வேலை?"

பெனிட்டா எழுந்தார்.

"பெண்கள் வார்டுக்குப் போவோம், வாங்க."

அங்கே இசக்கியம்மாள் என்று ஒரு அம்மா. என்ன மருந்து கொடுத்தும் அவளுடைய ரத்தக் கொதிப்பு இறங்குவேனா என்று அடம்பிடித்தது. இன்றைக்கு மருந்தை இரட்டிப்பாக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று பெனிட்டாதான் கேட்டு வைத்திருந்தார்.

நர்ஸ் வந்தாள். அந்த அம்மாவின் கையில் கட்டியிருந்த பட்டையை ஸ்கேன் செய்தாள், பொட்டலத்தை ஸ்கேன் செய்தாள். ஆள் சரி, மருந்து சரி என்று கருவியின் திரையில் பச்சை விழுந்தது. இசக்கியம்மாள் மாத்திரையை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாமியக் கும்பிட்டுட்டுப் போட்டுக்கிடுதேன் தாயி."

சாமி கும்பிடுகிறவளை யார் அவசரப்படுத்துவது? நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"பாத்தீங்களா மேடம், எல்லாம் சரியாத்தான் நடக்குது" என்றார் சங்கரபாண்டி.

பெனிட்டா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காத்திருப்போம்."

"எதுக்கு?"

"தெரியல சார். அந்தம்மா ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பாக்கிறாங்க."

சற்று நேரத்தில் பிளாஸ்க்கும் கையுமாக அவள் கணவர் வேலாயுதம் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காப்பியை ஊற்றினார். இசக்கியம்மாள் மாத்திரையை இரண்டாக ஒடித்து, பாதியை அவர் கையில் வைத்தாள். சங்கரபாண்டி வாயைத் திறப்பதற்குள் இருவரும் விழுங்கிவிட்டார்கள்.

"ஐயா! என்ன காரியம் பண்ணுதீய?"

"என்ன பண்ணிட்டேன்? கலியாணம் ஆன நாளையிலிருந்து இவ எதையும் எனக்குக் குடுக்காமத் தின்னதில்ல. கசப்ப மட்டும் தனியாத் திங்க விட்டுருவனா?"

"அது பிரஷர் மாத்திரை ஐயா!"

இசக்கியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெரியாமலா செய்தோம்? நடுவுல கோடு போட்டிருக்குல்லா. ரெண்டு பேருக்குன்னுதான போட்டிருக்கான்?"

சங்கரபாண்டி எத்தனையோ மாத்திரை அட்டை விற்றிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு இப்படி ஓர் அர்த்தம் உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பெனிட்டா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஐயாவுக்குத் தலை கிறுகிறுன்னு வருதா?"

"எழும்பும்போது வரும். வயசாச்சுல்லா."

அளந்து பார்த்தால், வேலாயுதத்தின் ரத்த அழுத்தம் இருக்க வேண்டியதற்கும் கீழே இருந்தது. இரட்டிப்பு மருந்தில் பாதி இவருக்குள் போயிருந்தால்? சங்கரபாண்டி டாக்டரிடம் ஓடினார். மருந்தைக் கூட்டுவது நின்றது.

திரும்பி வந்தபோது வேலாயுதத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது. "முழுசும் அவளுக்கே, சரி. அவ கசப்பத் திங்கயில நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

போச்சு, வீட்டுக்குப் போனதும் இவர்கள் மறுபடி ஒடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார் சங்கரபாண்டி.

"யாரு சொன்னா?" என்றார் பெனிட்டா. "உங்களுக்கும் கசப்பு உண்டு. அம்மா மாத்திரை போடுறப்ப, அவங்க கண்ணு முன்னாடி நீங்க ஒரு துண்டு பாவக்காய் திங்கணும்."

வேலாயுதம் யோசித்தார். "மாத்திரையவிடக் கசக்குமா?"

"அதவிடக் கூடவே கசக்கும்."

"அப்பம் சரி!" என்று தொடையில் தட்டினார் அவர். இசக்கியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வார்டே சிரித்தது. சங்கரபாண்டிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனசு லேசானதில் கொஞ்சம் குறும்பும் வந்துவிட்டது.

"மேடம், பாவக்காய் நம்ம மெஷின்ல எந்தத் தட்டுல இருக்கு?"

"கான்டீன்ல இருக்கு சார். ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க. வறுத்தது வேண்டாம், வேகவச்சது. நல்லாக் கசக்கணும்."