எருமை முதுகில் இரண்டு பயணிகள்

ஏரிக்கரைக் காட்டில் ஓர் எருமை மந்தை இருந்தது. அதன் தலைவி மூக்காயி. வளைந்த கொம்பு, அகன்ற மூக்கு, பார்த்தாலே பயம் வரும். மனசு மட்டும் தங்கம்.

அந்தக் கோடையில் ஏரித் தண்ணீர் சேறானது. சேறு காய்ந்து வெடித்தது. புல்லும் கருகிப்போயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு ஓடுகிறது. கரையெல்லாம் பச்சைப் புல். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பிழைப்பு. நாள் கணக்கில் நடக்க வேண்டிய தூரம்.

மூக்காயிக்கு நடையைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் அவளுடைய கன்றைப் பற்றித்தான். அதன் பெயர் கொழுந்து. போன கோடையில் இதே வழியில் போனபோது, நாணல் பள்ளத்தில் ஒரு புலி அவளுடைய முந்தின கன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பள்ளத்தைத் தாண்டாமல் ஆற்றுக்குப் போக வேறு பாதை கிடையாது. இந்தக் கன்றையும் பறிகொடுத்தால் அவள் தாங்கமாட்டாள்.

எருமைக்கு மூக்கு நல்ல மூக்கு. கண்தான் கொஞ்சம் மட்டம். எதிர்க்காற்று அடித்தால் தூரத்தில் இருக்கும் புலியின் வாடைகூடத் தெரிந்துவிடும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசினாலோ, முன்னால் புலி உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அதனால் தூரப் பயணம் போகும் எருமைகள் பறவைகளை முதுகில் ஏற்றிக்கொள்வது அந்தக் காட்டு வழக்கம். பறவைக்குச் சவாரி, எருமைக்குக் காவல். வழியில் கிளம்பும் பூச்சியும், எருமைத் தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியும் பறவைக்குச் சாப்பாடு. ஏறி உட்கார்ந்தால் சாப்பாடும் போடுகிற வண்டி நம் ஊரில் உண்டா? எருமைகளிடம் உண்டு!

மூக்காயியின் முதுகில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவன் நெட்டையன் என்கிற உண்ணிக்கொக்கு. வெள்ளை உடம்பு, நீளக் கழுத்து, அதைவிட நீளமான கொட்டாவி. இன்னொருவன் கருவாலன் என்கிற கரிச்சான் குருவி. உடம்பு கைப்பிடிக்குள் அடங்கும். வாய் மட்டும் அடங்காது. கரிச்சான்கள் எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லக்கூடியவை. கருவாலன் அதில் கெட்டிக்காரன்.

ஏறியதும் நெட்டையன் வயிறு நிறைய உண்ணி தின்றான். ஒற்றைக் காலில் நின்று, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, "பள்ளம் வந்ததும் எழுப்புங்க அக்கா!" என்றான்.

"காவலுக்குத்தானே உன்னை ஏத்தினேன்?" என்றாள் மூக்காயி.

"புலி இருக்கிறது பள்ளத்துலதானே அக்கா? பள்ளம் வரட்டும், கண்ணைக் கொட்டாம காவல் காக்கிறேன். அதுவரைக்கும் வர்றது வெறும் வழிதானே! வெறும் வழியில என்னத்தைப் பார்க்கிறது?"

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். நல்ல காவல்காரன்தான், போங்கள்!

மந்தை நடந்தது. மேட்டில் ஏறியது, சரிவில் இறங்கியது. நெட்டையன் தூங்கினான். விழித்தால் "இன்னும் வரலையா?" என்று கேட்டான். இல்லை என்றால் சலித்துக்கொண்டு மறுபடி தூங்கினான். விழித்த நேரத்திலும் கால் வலிக்கிறது, முதுகு ஆடுகிறது, வெயில் சுடுகிறது என்று ஒரே புலம்பல். நடந்து வந்த எருமைகள்கூட அவ்வளவு புலம்பவில்லை.

கருவாலன் அப்படி இல்லை. வழியில் ஒரு புதுக்குரல் கேட்டால் போதும், விர்ரென்று பறந்து போய்விடுவான்.

"வணக்கமுங்க! நீங்க யாரு? இப்ப என்னமோ சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

இப்படிக் கேட்டால் எந்தப் பறவைதான் பதில் சொல்லாமல் இருக்கும்? தன்னைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசைதானே! கருவாலன் கேட்டுக்கொள்வான். அந்தக் குரலைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பான். பிறகு திரும்பி வந்து எருமை முதுகில் உட்கார்ந்து, அது சரியாக வரும்வரை பழகுவான்.

ஒருநாள் ஓர் இலவமரத்தில் நீளவால் உள்ள பழுப்பு நிறப் பறவை ஒன்று மணி அடிப்பதுபோல் பாடியது. "கோக்லி... கோக்லி..." கேட்கக் கேட்க இனிமை! அது ஒரு வால்காக்கை.

"என்ன அழகான பாட்டு! யாருக்காகப் பாடறீங்க?" என்று கேட்டான் கருவாலன்.

வால்காக்கை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. "எங்க முதலாளிக்குத்தான்! மலையடிவாரத்துல எங்க சனம் நிறைய இருக்கு. அங்கே புலிதான் எங்களுக்கு முதலாளி. அவர் அடிச்சுச் சாப்பிட்ட மிச்சம் எங்களுக்கு. அவர் இரை பார்த்துப் பதுங்கினா எங்களுக்குச் சந்தோஷம் தாங்காது. உடனே பாடிடுவோம்!"

கருவாலனுக்கு உடம்பு சிலிர்த்தது. "ரொம்ப நல்ல பாட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

இன்னொரு நாள் பாறைக்காட்டு ஓரமாக மந்தை போனது. ஓடைக்கு அந்தப் பக்கம் செந்நாய்க் கூட்டம் ஒன்று படுத்திருந்தது. செந்நாய்கள் குரைப்பதில்லை. சீழ்க்கை அடிக்கும். ஒன்று இந்தப் புதரிலிருந்து "ஊவீ" என்றால், இன்னொன்று அந்தப் புதரிலிருந்து "ஊவீ" என்று பதில் சொல்லும். கூட்டமாக வரும் செந்நாய்க்குப் புலியும் ஒதுங்கி வழிவிடும். நல்லவேளையாக அவை அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்தன. மந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருவாலன் மட்டும் அவற்றைக் கூர்ந்து கவனித்தான்.

அன்று மாலை முழுவதும் அதே பயிற்சி. முதலில் குருவி சளி பிடித்துத் தும்முவதுபோல வந்தது. பிறகு கொஞ்சம் தேறியது. பிறகு திடீரென்று அசல் செந்நாயாகவே வந்துவிட்டது.

"ஊவீ!"

நெட்டையன் தூக்கத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தான். "க்ராக்! செந்நாய்! செந்நாய்!" எழுந்த வேகத்தில் கால் வழுக்கிக் கீழே இருந்த சாணத்தில் பொத்தென்று விழுந்தான்.

மந்தையே சிரித்தது. கொழுந்து சிரித்த சிரிப்பில் அதற்கு விக்கலே வந்துவிட்டது.

சாணத்தை உதறிக்கொண்டே நெட்டையன் கத்தினான். "உனக்கென்ன பைத்தியமா? போற வர்ற கழுதை குதிரை குரலையெல்லாம் கத்துக்கிட்டு எங்கே கச்சேரி பண்ணப் போறே?"

"கச்சேரி எல்லாம் இல்லப்பா. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரந்தானே! உனக்கும் சொல்லித் தரட்டுமா? நல்லா இருக்கும்!"

"எனக்கு எதுக்கு? எனக்குத் தூக்கம் வருது!"

கடைசியில் மலையைத் தாண்டியதும் அடிவாரத்தில் நாணல் பள்ளம் வந்தது.

உச்சி வெயில். எருமையின் கொம்பையும் மறைக்கும் அளவுக்கு நாணல் வளர்ந்திருந்தது. காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியது. மூக்காயி மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாடையும் தெரியவில்லை. போன கோடை நினைவுக்கு வந்தது.

நெட்டையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை அவன் மீறவில்லை. பள்ளம் வந்ததும் விழித்துக்கொண்டான். கழுத்தை நீட்டி நாலாபக்கமும் பார்த்தான். எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

வலது பக்கம் மரநிழல் அடர்ந்த ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து பாட்டுக் கேட்டது.

"கோக்லி... கோக்லி..."

நெட்டையன் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா அக்கா? பறவை பாடினா அந்தப் பக்கம் பயமில்லை. நம்ம ஏரியில முட்டையை விட்டு வந்த குஞ்சுக்கும் இது தெரியும்! கொழுந்து வெயில்ல வாடிப்போச்சு. நிழல் பக்கமா நடக்கச் சொல்லுங்க!"

கொழுந்துக்கு நிழல் என்றதும் ஆசை. துள்ளிக்கொண்டு வலது பக்கம் திரும்பியது.

"நில்லு கொழுந்து!" என்று கத்தினான் கருவாலன். "அக்கா! அது வால்காக்கை! புலி பதுங்கினாத்தான் அது அப்படிப் பாடும். புலி அந்த நிழல்லதான் இருக்கு!"

"உளறாதே! பாட்டுக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் நெட்டையன்.

"வர்ற வழியில அந்தச் சாதிப் பறவையே எங்கிட்டச் சொன்னது!"

மூக்காயி ஒரு நொடிதான் யோசித்தாள். யார் சொல்வது சரி என்று அவளுக்குத் தெரியாது. வழியெல்லாம் விழித்திருந்தது யார் என்பது நன்றாகத் தெரியும்.

"சுத்திக்குங்க!" என்று முழங்கினாள்.

எருமைகள் தடதடவென்று ஓடிவந்து வட்டமாக நின்றன. வால்கள் உள்ளே, கொம்புகள் வெளியே. நடுவில் கொழுந்து. அதே நேரம் நாணல் விலகியது. பாய்ந்து வந்த புலி, முகத்துக்கு நேரே கொம்பு வேலியைக் கண்டு சறுக்கி நின்றது.

வால்காக்கைகளின் பாட்டு சட்டென்று நின்றது.

புலி வாயை நக்கிக்கொண்டது. "பரவாயில்லையே! இந்தத் தடவை முந்திக்கிட்டீங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்லை. நான் நிழல்ல உட்கார்றேன், நீங்க வெயில்ல நில்லுங்க. கன்னுக்குட்டிக்குத் தாகம் எடுக்கும். தண்ணி தேடி அதுவே வெளியே வரும்!"

சொன்னபடியே உட்கார்ந்தும்விட்டது. பொழுது நகர்ந்தது. கொழுந்துக்கு நாக்கு வறண்டது. "அம்மா, தண்ணி... அம்மா, தண்ணி..." என்று முனகியது. மூக்காயியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. அந்தத் தண்ணீர் யாருடைய தாகத்தைத் தீர்க்கும்?

கருவாலன் நெட்டையனின் காதருகே வந்தான். "புலி ஒதுங்கறது செந்நாய்க் கூட்டத்துக்குத்தான். நான் புலிக்குப் பின்னாடி இருக்கிற புதருக்குப் போறேன். நீ எதிர்ப்பக்கம் இருக்கிற மருதமரத்துத் தாழ்ந்த கிளைக்குப் போ. நான் 'ஊவீ'ன்னா நீயும் அதே மாதிரி சொல்லணும். ரெண்டு பக்கமும் கேட்டாத்தான் அது கூட்டம்னு நம்பும்!"

"நானா? எனக்கு எப்படி வரும்?"

"எப்படியாவது முயற்சி பண்ணு! கொழுந்தைப் பாரு!"

நெட்டையன் கொழுந்தைப் பார்த்தான். அவனுக்கும் மனசு இருக்கிறதே! சத்தமில்லாமல் மருதமரத்துக்குப் பறந்தான்.

புலிக்குப் பின்னாலிருந்து "ஊவீ!" என்று சீழ்க்கை கிளம்பியது.

புலியின் காது விறைத்தது. எழுந்து நின்றது.

மருதமரத்தில் நெட்டையன் மூச்சை இழுத்தான். கழுத்தை நீட்டினான். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடு வாயைத் திறந்தான்.

"க்ராக்!"

கிளம்பப் போன புலி திரும்பிப் பார்த்தது. "என்னது! செந்நாய்க் கூட்டத்துல கொக்குக்கு என்ன வேலை?" அதன் மீசை சந்தேகத்தில் துடித்தது. ஓரடி, இரண்டடி என்று மறுபடி எருமைகள் பக்கம் வந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நெட்டையன் நினைத்தான். கருவாலன் அப்படி நினைக்கவில்லை. பயணம் முழுவதும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பறவை எது? நெட்டையன்தானே! சாணத்தில் விழுந்தபோது போட்ட அலறல்கூட அவனுக்கு மனப்பாடம்.

மருதமரத்தின் அடியில் இருந்த புதருக்குள் கருவாலன் அம்புபோல் நுழைந்தான்.

"ஊவீ! க்ராக்! க்ரா... க்ரா... க்... க்..."

அந்தக் குரல் நெரிந்து, இழுத்து, அடங்கியது. யார் கேட்டாலும் செந்நாய் ஒன்று கொக்கின் கழுத்தைக் கவ்விவிட்டது என்றுதான் சொல்வார்கள். கருவாலன் புதருக்குப் புதர் பறந்தான். அடுத்த நொடி இந்தப் புதரில் "ஊவீ". அதற்கடுத்த நொடி எதிர்ப்புதரில் "ஊவீ".

"ஐயோ, கூட்டமேதான்! கொக்கை முடிச்சாச்சு, அடுத்து நானா?" என்றது புலி. வாலைச் சுருட்டிக்கொண்டு மலைப்பக்கம் எடுத்த ஓட்டத்தில் நாணல் இரண்டாகப் பிளந்தது. முதலாளி ஓடிய திசையைப் பார்த்து வால்காக்கைகள் பட்டினியோடு பறந்தன.

மருதமரத்தில் நெட்டையன் இறக்கையால் தன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது!

பொழுது சாய்வதற்குள் மந்தை ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. கொழுந்து தண்ணீரில் மூக்கை முக்கிக் குடித்தது, மூச்சு வாங்கியது, மறுபடி குடித்தது. மூக்காயி பக்கத்திலேயே நின்று அதை நக்கிக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தாகம் எடுத்ததே தெரியவில்லை.

வயிறு நிறைந்ததும் கொழுந்து நெட்டையனிடம் ஓடிவந்தது. "கொக்கு மாமா! பாறைக்காட்டைத் தாண்டினதும் சிவப்பா ஒரு பறவை பாடிச்சே, அது பேரு என்ன?"

நெட்டையன் விழித்தான். "எனக்குத் தெரியாதே கண்ணு."

"நீங்களும் எங்க அம்மா முதுகுலதானே வந்தீங்க?"

நெட்டையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மழை பெய்து ஏரி நிறைந்த சேதி வந்ததும் மந்தை ஊர் திரும்பக் கிளம்பியது. முதலில் வந்து முதுகில் ஏறியவன் நெட்டையன். கருவாலனைப் பார்த்து, "அந்தச் செந்நாய்ச் சீழ்க்கையை எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று மெல்லக் கேட்டான்.

"தாராளமா! அதுக்கு நாக்கை எப்படி வைக்கணும்னா..." என்று கருவாலன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

முதல் மேட்டில் ஏறுவதற்குள் நெட்டையன் நூறு தடவை "க்ராக்" என்றுவிட்டான். மூக்காயிக்குக் காது வலித்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கன்று துள்ளிக்கொண்டு முன்னால் ஓட, அவள் நிம்மதியாகப் பின்னால் நடந்தாள்.

நீண்ட பயணத்தில் கிடைக்கும் நேரத்தை வீணடிக்காமல் எதையாவது கற்றுக்கொள்பவன், தன்னையும் காப்பாற்றிக்கொள்வான், தன்னோடு வருபவர்களையும் பத்திரமாகக் கரை சேர்ப்பான்.