எட்டுப் பேர் வாசம்

ஒரு காட்டில் புலியும் உண்டு, யானையும் உண்டு, பிள்ளைகளே. ஆனால் நம் கதை நடந்தது அங்கே ஒரு பாறைக் குழியில், கையளவு மழைநீரில். கண்ணுக்கே தெரியாத கிருமிகள் அதில் ஊராகக் கூடி வாழ்ந்தன.

கிருமிக்குக் கண் கிடையாது, காது கிடையாது, உடம்பெல்லாம் மூக்கு! ஒவ்வொருவரும் துளித்துளியாக வாசம் விடுவார்கள். வாசம் கனத்தால் ஊர் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே எல்லோருக்கும் வால் முளைக்கும். எல்லோரும் வழுவழுப்பான ஈரத்தைக் கக்கி, காய்ந்த பாறையிலும் வழுக்கிக்கொண்டு போவார்கள். தனியாகப் போகிறவன் கக்கும் ஈரமோ அவன் வயிற்றடியிலேயே உலர்ந்துவிடும்.

கோடை வந்தது. குழி வற்றத் தொடங்கியது. ஒரு சாண் தள்ளி ஒரு பலாப்பழம் விழுந்து வெடித்துக் கிடந்தது. அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைப்பு, இல்லையென்றால் சாவுதான்.

"இன்னும் வாசம் கனக்கவில்லை, பொறுங்கள்" என்றது ஊர்.

அந்த ஊரில் துடியன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்குப் பொறுமை ஏது? அவசரத்திலேயே பிறந்தவன். "இவர்கள் கூடுவதற்குள் நாம் காய்ந்து கருவாடாகிவிடுவோம்!" என்று ஏழு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, குழியின் ஓரத்தில் இருந்த ஒரு குறுகிய வெடிப்புக்குள் புகுந்தான்.

சற்று நேரத்தில் உள்ளே வாசம் குப்பென்று அடித்தது. எட்டுப் பேருக்கும் வால் முளைத்தது.

"துடியா, ஊர் வந்துவிட்டதா?" என்று கூட்டாளிகள் கேட்டார்கள்.

"அடேயப்பா, வாசத்தைப் பாருங்களடா! ஊரே நம் பின்னால் வருகிறது!"

அப்போதுதான் துடியனின் தங்கை ஈரி வெடிப்பின் வாயில் வந்து நின்றாள். எதையும் இரண்டு முறை முகர்ந்து பார்ப்பவள் அவள். "அண்ணா, இது முட்டுச்சந்து. விட்ட வாசம் வெளியேற வழியில்லை. உங்கள் வாசமே உங்களைச் சுற்றுகிறது. ஒரு நடை வெளியே வந்து முகர்ந்து பார்."

"முளைத்த வால் பொய்யா? போடி, உனக்குப் பொறாமை!"

எட்டுப் பேரும் பாறைமேல் பாய்ந்தார்கள். முதலில் சுகமாகத்தான் வழுக்கியது. பாதி வழியில் ஈரம் தீர்ந்தது. பாறை நெருப்பாய்ச் சுட்டது. காற்று வீசியதும் பழைய வாசமெல்லாம் கலைந்துபோனது. துடியன் பதறிப்போய் முகர்ந்தான். முன்னேயும் யாருமில்லை, பின்னேயும் யாருமில்லை. அவர்கள் எட்டே பேர்.

"துடியா, ஊர் எங்கேடா?" என்றான் ஒருவன். கேட்டவன் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் குழி சுருங்கச் சுருங்க, ஊர் நெருங்கியது. வாசம் மெய்யாகவே கனத்தது. ஆயிரமாயிரம் பேர் ஈரம் கக்கி, வெள்ளமாகப் புறப்பட்டார்கள். அந்த ஈரம் பட்டதும் துடியன் அசைந்தான். மற்ற ஏழு பேரும் அசையவில்லை.

ஈரி அவனைத் தாங்கிக்கொண்டு அழுதாள். "ஐயோ அண்ணா, இவர்கள் உன்னை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையா?"

"கேட்டார்கள், ஈரி. ஊரே வருகிறது என்று நான்தான் சொன்னேன்."

நீதி: அடைபட்ட இடத்தில் தன் வாசமே ஊர் வாசமாகத் தோன்றும், வெளியே வந்து பார்த்த பிறகே அடியெடுத்து வை.